மூன்றடி இரண்டங்குலப் படி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சம்பந்தப்பட்ட கல்யாண மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் இருக்கிறது. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம் என்று தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். நடந்தது பட்டப்பகலில். 1998 ஏப்ரல் 16, வியாழக்கிழமை.

ராஜபாளையம் தென்காசி சாலையில் ஒரு மாடியில் இருந்தது இன்ஜினியர் சம்பத்குமாரின் ஆபீஸ். அங்கே படம் வரைகிற வேலை காஞ்சனாவுக்கு. சிவனாண்டி என்பவர் கட்டிக்கொண்டிருந்த மண்டபத்தைக் கம்ப்யூட்டரில் முழுக் கட்டடமாக எழுப்பிக் காட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடிப்படிக்குக் கான்கிரீட். மாடியில் அறுநூறு பேர் சாப்பிடும் கூடம். ஏறவும் இறங்கவும் அந்த ஒரே படி.

படத்தை வரைந்தவர் நம்பி. வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார் முதலாளி. காஞ்சனா சேர்ந்தது அவர் நாற்காலியில்தான்.

மணி 2.40. பிளாப்பியில் இருந்த படத்தைப் புது மென்பொருளுக்குள் இறக்கினாள். சுவர்கள் எழுந்தன. தூண்கள் எழுந்தன. படி எழுந்தது.

படி ஒடுங்கியிருந்தது.

அளந்தாள். மூன்றடி இரண்டங்குலம். படத்திலோ ஐந்தடி என்று எழுதியிருந்தது. அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பிவிட்டதோ என்று பார்த்தாள். அப்படியானால் மொத்தக் கட்டடமும் சுருங்கியிருக்க வேண்டும். கூடம் சரி. சுவர் சரி. படி மட்டும்தான் தப்பு.

நம்பியின் படத்தில் அந்த எண்ணைத் தொட்டதும் விளங்கிவிட்டது. கோடு மூன்றடி இரண்டங்குலத்தில் கிடக்க, அதன்மேல் கையால் ஐந்து என்று அடித்திருந்தது. மென்பொருளுக்கு எழுத்து தெரியாது, கோட்டைத்தான் அளக்கும். காஞ்சனாவுக்கு ரத்தம் கொதித்தது. கோட்டை நகர்த்தச் சோம்பல்பட்டு எண்ணை மாற்றுகிறவனைத் தொழிலில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். வாய்க்கு வந்தபடி நம்பியைத் திட்டினாள்.

கோட்டை ஐந்தடிக்கு நகர்த்தினாள். மணி 3.05. மறுபடி இறக்கினாள்.

மூன்றடி இரண்டங்குலம்.

படியையே அழித்தாள். வெறும் சுவர்களை மட்டும் இறக்கினாள். 3.18.

படி வந்தது... அதே ஒடுக்கத்தில்.

3.25. கரண்ட் போனது. திரை கறுத்தது. காற்றாடி நின்றது.

கர்ர்ர்... கர்ர்ர்...

மூலையில் இருந்த, காகிதத்தில் படம் வரையும் பிளாட்டர் ஓடியது.

கரண்ட் இல்லை.

பேனா தானாக நகர்ந்தது. ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு. நடுவில் எண்...

3'-2".

காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தியது பேனா. அதே எண்ணின் மேல். திரும்பத் திரும்ப.

யாரோ கடுங்கோபத்தில் இருந்தார்கள்.

 காஞ்சனா தாளை உருவிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். சம்பத்குமார் அதைப் பார்த்ததும் வெளிறிப்போனார். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். முன்பக்கம் இரண்டு கடைகளுக்கு இடம் விட்டதில் படி ஒடுங்கிவிட்டதாம். அப்ரூவலுக்காக நம்பியை ஐந்து என்று அடிக்கச் சொன்னவரே அவர்தானாம்.

"தீப்பிடிச்சா அறுநூறு பேரும் இதுல எப்படி சார் இறங்குவாவ?"

"நம்பி மாதிரி நீயும் துள்ளாதம்மா. வேலை வேணும்னா போய் உக்காரு."

உட்காரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். 4.10 ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். வேலை போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் நம்பியைத் திட்டியதுதான் உறுத்தியது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. படிக்கு அடித்திருந்த சென்ட்ரிங் பலகைகள் அத்தனையும் பிரித்துத் தரையில் கிடந்தன. சிவனாண்டி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஒரே ஆபீஸ்ல இருந்து எம்புட்டு பேருதான் வருவிய? மூணே முக்காலுக்கே ஒருத்தரு வந்து என் உசிர வாங்கிட்டாருல்ல."

வந்தவர் டேப்பின் ஒரு முனையைச் சிவனாண்டியிடம் கொடுத்து ஆறு தடவை அளக்க வைத்தாராம். பலகையைப் பிரிக்கிறவரை நகரவில்லையாம். முன்பக்கக் கடை ஒன்றை விட்டுவிட்டு, படியை ஐந்தடிக்குக் கட்டுவதாக வாக்கு வாங்கிய பிறகுதான் போனாராம்.

"கோவத்துல முகமே பாக்க முடியல. டேப்பு வேற ஐஸ் மாதிரி சில்லுன்னு... பேரு நம்பின்னாரு."

மெட்ராஸில் இருந்தே வந்து காரியத்தை முடித்துவிட்டாரே மனுஷன் என்று காஞ்சனா நிம்மதியானாள். மறுநாளிலிருந்து ஆபீஸ் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்து நம்பியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒரு நன்றி. ஒரு மன்னிப்பு. அதற்குத்தான்.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி வஞ்சுளவல்லி.

நெற்றி வெறுமையாக இருந்தது.

"ஆபீஸ்ல சொல்லலையா? ஒங்க சார்தான மாலை கொண்டாந்தாரு."

காஞ்சனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாசி பொறக்கறதுக்கு மொத நாளு. படியைப் பத்திச் சாரோட பெரிய சண்டை. நானே ஓனர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வாரேன்னு கோவமா வண்டிய எடுத்தாவ. பாதி வழியில லாரி... அந்த மண்டபத்த அவிய கண்ணால பாத்ததுகூட இல்லம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அவியள எதுக்குத் தேடி வந்திய?"