நான்காம் பக்கம்: பெற்றோர் ஒப்புதல்

"இன்னும் கீழ போம்மா," என்றார் ராமதாஸ்.

சாந்தினி மடிக்கணினியில் விரலை இழுத்தாள். சுவரில் ஒளியாக விழுந்திருந்த அட்டவணை மேலே நகர்ந்தது. ஒரு பக்கம் கேள்வி. அடுத்த பக்கம் பதில்.

அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? நான் பாத்துக்கிறேன்.

மணி மூன்றாகிவிட்டது, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப்போக யாரும் வரவில்லை. நான் பாத்துக்கிறேன்.

மேல்மாடிக்காரர் சத்தம் போடுகிறார், பாடம் நடத்த முடியவில்லை. விடுங்க, நான் பாத்துக்கிறேன்.

பதில்கள் எல்லாம் ஜெகதீஸ்வரி எழுதியவை. அவள் சுவரை ஒட்டி, பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு கேள்விக்கா," என்றாள் சாந்தினி. "நாலு வருஷத்து வாட்ஸ்அப் குரூப்பத் தோண்டி எடுத்தேன். வாலண்டியருங்க நெசமா என்னா கேக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானே டூல்கிட் ப்ளான் பண்ண முடியும். நானூத்தி எழுவதுக்கு இதான் பதிலு. இத வெச்சி நான் என்னா எழுதறது லா?"

"அக்கா போட்டோவப் பெருசாப் போட்டு ஒரு மாலையப் போட்டுடுவோம்," என்றாள் ஷாஹிரா.

"மால போட்டா செத்துட்டாங்கன்னு அர்த்தம் லா."

"போட்டுடுங்க," என்றாள் ஜெகதீஸ்வரி. "அப்பவாச்சும் போன் அடிக்காம இருக்கீங்களான்னு பாப்போம்."

"டூல்கிட்டுன்னு சொல்லாதீங்க," என்றார் ராமதாஸ். "கருவிப்பெட்டி."

"கருவிப்பெட்டின்னு போட்டா மோட்டார் கடைக்காரன்தாண்ணே வருவான்."

தீவின் ஜெலுத்தோங் பகுதியில் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்து அறை அது. சனிக்கிழமை வகுப்பு பன்னிரண்டரைக்கு முடிந்து பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ராமதாஸ் இந்த வகுப்பை நடத்தும் சங்கத்தின் தலைவர். துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சாந்தினி பாயான் லெப்பாஸில் பொறியாளர். மூன்று வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஷாஹிரா கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் உள்ள தாசேக் கெலுகோரிலிருந்து வந்திருந்தாள். அங்கே சங்கத்தின் இரண்டாவது வகுப்பை அவள் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஜனவரியில் இன்னும் ஆறு இடங்களில் தொடங்க வேண்டும் என்பது ராமதாஸின் திட்டம். அதற்குத்தான் இந்த இணையப் பக்கங்கள். யார் வேண்டுமானாலும் திறந்து படித்து, மறுவாரமே ஒரு வகுப்பை நடத்த முடிய வேண்டும்.

ஜெகதீஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் தீவில். வேலை மட்டும் அக்கரையில், மாக் மண்டினில். காலை ஆறரைக்கு மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறுவாள். பகல் முழுதும் வளைய விளக்கின் அடியில் பிளாஸ்டிக் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு உள்ளதைத் தனியே எடுத்துப் போடுவாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டுப்போக இந்த அறைக்கு வந்தாள். ஆசிரியர் வரவில்லை. பதின்மூன்று பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் மார்க்கரை எடுத்து ஏழாம் வாய்ப்பாட்டை எழுதினாள். அடுத்த வாரமும் ஆசிரியர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

தனக்குப் பாடம் நடத்த வராது என்று அவளே சொல்வாள். நடத்துவதற்கு வேறு ஆட்கள் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். ஆறு மாதம் இருந்தார்கள், போனார்கள். அவள் கதவைத் திறந்தாள், பெயர் கூப்பிட்டாள், கதவைப் பூட்டினாள்.

டிசம்பரோடு நிறுத்திவிட வேண்டும். இதைக் கணவன் குணாளனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "சொல்லிட்டு வந்துடு லா, இதுல என்னா இருக்கு," என்றான் அவன். நோய் இல்லை. சண்டை இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. சொல்வதற்கு ஒரு காரணம் இல்லாததுதான் அவளுக்குச் சிக்கலாக இருந்தது. சனிக்கிழமை கையில் கிடைத்தால் என்ன செய்வாள் என்றும் தெரியாது. ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

மார்ச்சில் இணையப் பக்கங்கள் பற்றிப் பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். ஆர்வம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் ஆள் தேவைப்படாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"சரி, கேளு. ஒண்ணொண்ணா சொல்றேன், எழுதிக்க," என்றாள் இப்போது.

சாந்தினி புதிய பக்கத்தைத் திறந்தாள். சாவிக்கு வெள்ளிக்கிழமையே ஜாகாவிடம் சொல்லிவைக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் அந்தக் காவலாளி மாறிவிடுவார், புதியவருக்கு எதுவும் தெரியாது. மேல்மாடிக்காரர் இரவு வேலை பார்க்கிறவர். பத்து மணிவரை வாய்விட்டுப் படிக்கும் பாடத்தை வைக்கக் கூடாது. பிள்ளையைக் கூப்பிட்டுப்போக யாரும் வராவிட்டால் அம்மாவுக்கு அல்ல, அம்மா வேலை செய்யும் இடத்துச் சூப்பர்வைசருக்குப் போன் அடிக்க வேண்டும். தொழிற்சாலை லைனில் நிற்பவர்கள் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள்.

"இது எல்லாம் மண்டைக்குள்ளயே வெச்சிருந்தீங்களாக்கா?" என்றாள் ஷாஹிரா. அவளும் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பக்கங்கள் நிறைந்தன. பெயர் கூப்பிடுவது, தாமதமாக வருகிறவர்கள், அழுகிற பிள்ளை, அடிக்கிற பிள்ளை, பாதியில் நின்றுபோன ஆசிரியர். ஒவ்வொன்றும் முடிய முடிய ஜெகதீஸ்வரி நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்தது. மூன்று மணிக்குப் பத்துப் பக்கம் முடிந்திருந்தது. இடையில் இரண்டு முறை தாண்டிப் போன ஒரு பக்கம் மட்டும் காலி.

"நாலாவது," என்றாள் சாந்தினி. "பெற்றோர் ஒப்புதல்."

புத்தகமும் காலைப் பசியாறலும் தருகிற அறக்கட்டளைக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை. படிவம் போகாவிட்டால் அந்தப் பிள்ளை பட்டியலில் இருக்காது. ஜெலுத்தோங்கில் நாற்பத்தொரு பிள்ளைகள். சனிக்கிழமை கொடுத்த படிவங்கள் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முழுதாக வந்துவிடும். பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறையும் தவறியதில்லை. தாசேக் கெலுகோரில் இருபத்தாறு பிள்ளைகள். மூன்று வாரத்தில் வந்தவை ஒன்பது.

"அந்த ரகசியத்தச் சொல்லுங்கக்கா," என்றாள் ஷாஹிரா. "நான் வீடு வீடாப் போனேன். ஒரு வீட்டுக்கு நாலு வாட்டி. அப்பா ராத்திரி ஷிஃப்டு, அம்மா பகல் ஷிஃப்டு, பாட்டி கையெழுத்து செல்லாது. கையெழுத்துப் போரத்த மேசையில வெச்சிட்டு வந்தா அடுத்த வாரம் அதுல கொழம்பு கொட்டியிருக்கு. எனக்கு இது வரலன்னு நெனைக்கிறேன். அடுத்த மாசம் விட்டுடலாம்னு வீட்டுக்காரரு கமால்கிட்ட சொல்லிட்டேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று ஜெகதீஸ்வரி பார்த்தாள்.

"அந்தப் பக்கத்த விட்டுடு," என்றாள் சாந்தினியிடம்.

"எப்படிக்கா விடறது? அதான் மொத கேள்வியே. எல்லாரும் கேப்பாங்க."

"எழுத முடியாது."

"ஏன்?"

ஜெகதீஸ்வரி வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான்தான் போட்டேன்."

"என்னாது?"

"கையெழுத்து."

பிறகு முழுதும் சொன்னாள். தொழிற்சாலையில் பத்து மணி ஓய்வில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வாள். படிவத்தில் இருப்பதைப் படித்துக் காட்டுவாள். சரி, நீங்களே போட்டுருங்கக்கா என்பார்கள். போட்டுவிடுவாள். முதல் வருடம் மூன்று. அடுத்த வருடம் பதினைந்து. பிறகு எல்லாமே. பழைய படிவங்களைப் பார்த்துப் போடுவாள்; பார்க்காமலும் வரும். பழுதான பாகங்களின் எண்ணிக்கையைச் சூப்பர்வைசருக்குப் படித்துச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

சாந்தினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஷாஹிரா நோட்டை மூடினாள்.

"நான் நிறுத்திக்கிறேண்ணே," என்றாள் ஜெகதீஸ்வரி. "டிசம்பரோட."

பல மாதமாக வைத்திருந்த வாக்கியம். இப்படி ஓர் இடத்தில் வந்து விழும் என்று அவள் நினைக்கவில்லை. விழுந்ததும் நல்லதாகத்தான் தோன்றியது. கடைசியில் காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. இனி அவர்களே போகச் சொல்வார்கள்.

ராமதாஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பன்னெண்டு வருஷம்," என்றார். "உங்களுக்குன்னு ஒரு பென்சில எடுத்துட்டுப் போயிருப்பீங்களா? பிள்ளைங்களுக்குத்தானே தங்கச்சி செஞ்சீங்க. இதுக்கு ஒரு ஆளு விட்டுட்டுப் போவாங்களா?"

"அதுக்காக இல்லண்ணே."

"அழாதீங்க."

"நான் அழல."

அவள் அழவில்லை. சாந்தினி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மனசு சுத்தமா இருக்கறவங்களுக்குத்தான்க்கா இப்படி உறுத்தும்."

"ஒண்ணும் உறுத்தல. எனக்குப் போவணும் லா. அவ்வளவுதான்."

"இப்ப அப்படித்தான் தோணும்," என்றார் ராமதாஸ். "ரெண்டு நாள் போனா சரியாயிடும். இத நாங்க யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல. பயப்படாதீங்க."

"பயம் இல்லண்ணே..."

"விடுங்க தங்கச்சி. முடிஞ்சது."

அவள் மன்னிக்கப்பட்டிருந்தாள். சாந்தினியின் கை தோளிலேயே இருந்தது, கனமாக.

ஷாஹிராதான் கேட்டாள். "தப்பில்லையாண்ணே அது?"

"அம்மா அப்பா சரின்னு வாயால சொல்லிட்டாங்கதானே. நேர்ல வந்து போட நேரமில்ல. அதுக்குப் பிள்ளைய வெளிய தள்ளலாமா?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன் சென்டர்ல எத்தன நிக்கிது?"

"பதினேழு."

"எப்ப கடைசி?"

"புதன்கிழம."

யாரும் ஜெகதீஸ்வரியிடம் எதையும் கேட்கவில்லை. ராமதாஸ் சுவரைப் பார்த்தார்.

"சாந்தினி, எழுதிக்க. 'படிவங்களை நிரப்பி, பெற்றோரின் தொலைபேசி எண்களுடன் ஒருங்கிணைப்பாளரிடம் அனுப்பவும். மீதியை அவர் கவனித்துக்கொள்வார்.'"

"ஒருங்கிணைப்பாளருன்னா யாருண்ணே?"

"வேற யாரு? அக்காதான்."

"எல்லா சென்டருக்குமா? ஜனவரியில எட்டாயிடுமே."

"எட்டுன்னா எட்டு. ஒரு எடத்துல ஒழுங்கா நடந்தா எல்லாருக்கும் சூசா இல்ல, தொல்ல இல்லதானே."

சாந்தினி நாற்காலிக்குத் திரும்பிப் போய்த் தட்டினாள். சுவரில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கையகலம் இருந்தன. 'ஒருங்கிணைப்பாளர்' என்பதன் பக்கத்தில் ஜெகதீஸ்வரியின் பெயரும், அதன் கீழ் அவளுடைய எண்ணும் வந்தன. எண்ணை யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் மனப்பாடம்.

"சரியாக்கா?" என்றாள் சாந்தினி.

ஜெகதீஸ்வரி படித்தாள். எண்ணில் பிழை இல்லை. ஷாஹிராவின் முகத்தைப் பார்த்தாள். ஷாஹிரா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானும் விட வேணாமாண்ணே?" என்றாள் ஷாஹிரா.

"யாரும் எதையும் விட வேணாம்," என்றார் ராமதாஸ்.

பதினொரு பக்கமும் முடிந்துவிட்டது. சாந்தினி கைதட்டினாள். ராமதாஸும் தட்டினார். மழை விடும்வரை எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெகதீஸ்வரி ஏழு மணிக்கு எழுந்தாள். குணாளன் வேலைக்குப் போயிருந்தான். பசாருக்குப் போய்க் கெம்போங் மீனும் வெண்டைக்காயும் வாங்கினாள். துணியை இயந்திரத்தில் போட்டாள். பதினொன்றேகாலுக்கு ஷாஹிராவின் கார் கீழே வந்து நின்றது. ஷாஹிரா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பழுப்பு உறையைக் கொடுத்தாள். பாலத்தில் நெரிசல் என்றாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போகக் கூப்பிட்டதற்கு, நேரமாகிவிட்டது என்றாள்.

உறையில் பதினேழு படிவங்கள் இருந்தன. இரண்டில் குழம்புக் கறை. மீனைப் பொரித்துச் சாப்பிட்ட பிறகு ஜெகதீஸ்வரி போன் செய்யத் தொடங்கினாள். பதினான்கு பேர் எடுத்தார்கள். ஒருவர் வேலை முடிந்து பேசுகிறேன் என்றார். பதின்மூன்று பேர் சரி என்றார்கள். இவர்களுடைய பழைய கையெழுத்து எதுவும் அவளிடம் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவளே ஒரு வடிவம் யோசித்துப் போட்டாள். ஏழு நீல மையில், ஆறு கறுப்பில். மீதி நான்கு எண்களைத் திங்கட்கிழமை ஓய்வு நேரத்துக்கு என்று குறித்து வைத்தாள். நான்கு மணிக்குத் துணிகளை மடித்தாள். தொழிற்சாலைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினாள்.