ஜெட் வரைந்த முதுகு

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் உடற்கல்வியை ஒரு பாடமாக எடுத்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "குதிச்சா பாஸா?" கேட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்ததில்லை. எலும்பு, தசை, மூச்சு, காயத்துக்குக் கட்டு என்று அது செங்கல் கனம். மைதானத்தில் அவளுக்கு ஜெட் என்று பெயர். எழுத்துத் தேர்வில் ஜெட் கட்டை வண்டியாகிவிடும். அரையாண்டில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள்.

உடற்கல்விக் கல்லூரியில் இடம் வேண்டுமானால் செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியே ஆகவேண்டும். ஓர் ஆளின் பின்பக்கத்தை முழு அளவில் வரைந்து, அவர் நிற்கும் நிலையை விளக்க வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? வீட்டிலேயே அப்பா இருக்கிறார். மாடி மாடியாக கேஸ் சிலிண்டர் சுமக்கிறவர். அவள் கண்ணுக்கு அவரைவிட நிமிர்ந்த மனிதர் உலகத்தில் கிடையாது.

சமையலறைக் கதவில் தாள்களை ஒட்டி, அவரைக் கதவைப் பார்த்து ஒட்டி நிற்கவைத்து, உடம்பைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினாள்.

"நேரா நில்லுங்கப்பா."

"நேராத்தானே நிக்கறேன்."

"வயித்தை ஏன் உள்ள இழுக்கறீங்க?"

"படத்துல தொப்பை விழுந்துடக் கூடாதில்ல."

"முதுகைத்தான்ப்பா வரையறேன்."

மறுநாள் சிலிண்டர் இறக்கிய வீட்டிலெல்லாம் தன் படம் பள்ளிக்கூடச் சுவரில் ஏறப்போகிறது என்று அப்பா தம்பட்டம் அடித்தார்.

அவள் படத்தின் மேலே 'சரியான நிலை' என்று கொட்டை எழுத்தில் எழுதி எடுத்துப்போனாள். பி.டி. மிஸ் ஸ்கேலை எடுத்துத் தோளுக்குத் தோள் வைத்தார். ஸ்கேல் சாய்ந்து நின்றது.

"யாரை வரைஞ்சே? வலது தோள் இவ்வளவு இறங்கியிருக்கு. முதுகெலும்பும் வளைஞ்சிருக்கு பாரு. வேற ஆளை வரை. இல்ல, தலைப்பைக் குறைபாடுன்னு மாத்து. அப்படியே விட்டா மார்க் போயிடும்."

பஸ்ஸிலும் கடையிலும் கண்ணில் பட்ட முதுகையெல்லாம் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவள், இந்த ஒரு முதுகை மட்டும் ஒப்பிட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய முதுகு, அதனால் முதுகென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

வேறு ஆளை வரைந்தால் அப்பாவின் முகம் வாடிப்போகும். அப்பாவுக்கு மேலே குறைபாடு என்று எழுதவோ கை வரவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தாள். பிறகு தலைப்பை அழித்தாள். அதற்குப் பதிலாக எதையும் எழுதவில்லை. தேர்வுக்குப் பழக வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, தினமும் காலையில் அப்பாவைப் பயிற்சி செய்யவைத்தாள்.

தேர்வு நடத்த வேறு பள்ளியிலிருந்து வந்த அம்மாள் கறாரானவர். படத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைப்பைக் காணோமே. இந்த ஆளுக்கு என்ன குறை?"

அவள் படத்தில் இறங்கியிருந்த தோளில் விரலை வைத்தாள். பி.டி. மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

"குறை இல்லீங்க மேடம், இவர் எங்கப்பா. சிலிண்டர் தூக்கறாரு." சொன்னதும் அடைப்பு எடுத்ததுபோல் மீதியும் வந்தது. "வலது தோள்லயே தூக்கி அது இறங்கிடுச்சு. முதுகெலும்பு இந்த இடத்துல வளையுது. கதவு மேல்கட்டையைப் பிடிச்சுத் தினமும் தொங்கவைக்கறேன். தோளை மாத்தி மாத்தித் தூக்குங்கன்னா மட்டும் கேக்கமாட்டேங்கறாரு."

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் கேக்கமாட்டேங்கறாரு" என்றார் அந்த அம்மாள், மதிப்பெண்ணைப் போட்டுக்கொண்டே. எட்டிப் பார்த்த மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது.

மாலையில் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என் படத்தைப் பாத்து என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் பாத்தாங்கப்பா. நிறைய மார்க் போட்டாங்க."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பின்ன, நின்னது யாரு?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். இடது தோள் உயர்ந்தது. வலது தோள் வரவில்லை. அவள் பக்கத்தில் போய் அந்தத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சாய்வதற்கு எட்டும் உயரத்தில்தான் அது இருந்தது.