பென்சிலைக் கீழே வைத்த சோலைமலை அண்ணன்

போன வெள்ளிக்கிழமை பருத்திக்கொட்டை வாங்க மதுரைக்குப் போன என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். வாசலில் நின்றபடியே, "படக்கார சோலைமலை அண்ணே போயிட்டாராம். நேத்தே எடுத்துட்டாங்களாம்" என்றார். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். துக்கத்தில் மூடினேன் என்று அவர் நினைத்திருப்பார். முதலில் வந்தது என்னவோ கூச்சம்தான்.

வடக்கு மாசி வீதியில் இருந்த அவர் கடையில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டவர்கள் நம் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்து அவர் ஏன் அப்படிப் படம் எடுத்தார் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் என் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இத்தனை நாளும் அதனால்தான் சொல்லாமல் இருந்தேன்.

சிறுவயதில் எனக்கு அம்மை போட்டது. உயிர் தங்கியது, முகமெல்லாம் தழும்பும் தங்கியது. நாகமலைப் புதுக்கோட்டையில் தாய்மாமன் மகனுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். கல்யாணத்தன்று சோலைமலை அண்ணன் மாட்டு வண்டியில் படம் எடுக்கும் பெட்டி, முக்காலி சகிதம் வந்து இறங்கினார். அந்நாள் வழக்கப்படி மாப்பிள்ளை நாற்காலியில், நான் பக்கத்தில் நின்றபடி. உச்சி வெயில். "தலையக் கொஞ்சம் குனிஞ்சுக்கங்க தாயி" என்றார். எனக்கு அது பழக்கம்தானே, குனிந்துகொண்டேன்.

படம் சட்டம் போட்டு வந்தது. நடுவீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் நின்றாள். சேலை என்னுடையது, நகை என்னுடையது, முகம் மட்டும் உரித்த முட்டை போல இருந்தது. படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் பென்சிலை வைத்துத் தழும்பு ஒவ்வொன்றையும் சோலைமலை அண்ணன் அடைத்திருந்தார். "இது யாரு மதினி?" என்று நாத்தனார் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இருக்கட்டுமே, படத்துலயாவது நல்லா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் என் அத்தை. அவர் அதைப் பிரியமாகத்தான் சொன்னார். அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பாடம் சொன்ன நான், வீட்டுக்குள் சுவரோரமாக நடக்கத் தொடங்கினேன்.

ஒரு நாள் அத்தையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த இரக்கத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மூத்தவ எப்படித்தா தவறுனா?"

என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். உயிரோடு நின்றுகொண்டு, என் இடத்துக்கே நான் இரண்டாந்தாரமாக வந்தவள் போல, "தெரியலைங்க" என்றேன்.

மறுநாள் படத்தை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் மதுரைக்குப் போனோம். சோலைமலை அண்ணன் துண்டை விலக்கியதும் முகம் மலர்ந்தார். "இதுக்கு எம்புட்டுப் பாடுபட்டேன் தெரியுமா! ஒரு புள்ளி விடலையே" என்றார். அந்தப் பெரியம்மா கேட்டதை நான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்தேன். நான் நிமிர்ந்தபோது அவர் படத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

"தங்கச்சி, ஒங்க மூஞ்சிய நான் பார்க்கவே இல்ல. பென்சில் வைக்க வேண்டிய எடத்தைத்தான் பார்த்தேன்" என்றார்.

அன்றே வேறு படம் எடுத்தார். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்தினார். எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்தார். "தழும்பு தெரியாம எடுக்க முடியுமாண்ணே?" என்று கேட்டேன். கேட்டதற்கே கூசியது. "தெரியும் தாயி. உச்சி வெயில்ல நிப்பாட்டுனா தழும்பு மட்டுந்தான் தெரியும். வெளிச்சம் பதமா விழுந்தா ஆளும் தெரிவாக" என்றார். என் தலை குனிந்தே இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. என் வீட்டுக்காரரிடம், "மாப்ள, பெட்டியப் பார்க்காதீக. அவுககிட்ட ஏதாச்சும் பேசுங்க" என்றார். அவர் திகைத்துப்போய், "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே இருங்க!" என்றார் சோலைமலை அண்ணன்.

அந்தப் படத்தை அவரே ஊருக்குக் கொண்டுவந்தார். அத்தையின் முன்னால் நின்று, "ஆத்தா, மொதப் படம் என் தப்பு" என்றார். அத்தைக்குக் கோபம். "நான் சொல்லித்தானய்யா செஞ்ச?" என்றார். அதுவரை எங்களுக்கு அது தெரியாது. "நீங்க கேட்டீக. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார் அவர். அத்தை புதுப் படத்தை நடுவீட்டில் மாட்ட விடவே இல்லை. எங்கள் அறையில்தான் இன்றும் தொங்குகிறது. பழைய படம் பிறகு சுவரேறவில்லை.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அறிந்த சோலைமலை அண்ணன். கல்யாண வீட்டுக்கு முதல் நாளே போய், முற்றத்தில் எந்நேரம் எங்கே நிழல் விழுகிறது என்று பார்ப்பார். பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசுவார். "பொம்பளப்பிள்ள சரிக்குச் சரி உக்காரவா?" என்று சண்டைக்கு வந்த பெரியவர்கள் உண்டு. நாற்காலி போடச் சொன்னவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பென்சிலை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: "கல்யாணத்தன்னிக்கு வந்த பரு நாலு நாள்ல போயிரும், அதை எடுக்கலாம். கூடவே வாழுறதை எடுக்கக் கூடாது." என்னை எங்கே கண்டாலும் அவர் கண் ஒரு கணம் தாழும். என் கண்ணும் தாழும். பிறகுதான் நலம் விசாரிப்போம். கடைசிவரை எங்களுக்குள் அது மாறவில்லை.

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எடுக்க வந்தவர் புதியவர், நல்ல பிள்ளை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "கவலைப்படாதீங்க டீச்சர், எல்லாத்தையும் சுத்தமா எடுத்துரலாம்" என்றார். மற்ற ஆசிரியைகள் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

"வேண்டாம் தம்பி" என்றேன்.

வெட்கம் என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கூசிக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் சொன்னேன். அந்தப் படத்தைத் தவிர சோலைமலை அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அத்தையிடம் அவர் அன்று சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்தான்.