இன்னொரு மூடி ஆயில்

பழைய ஸ்கூட்டரின் சைலன்சரை நெருப்பில் சுட்டுக் கரி எடுக்கிறார் மெக்கானிக். "ஆயில ஜாஸ்தி ஊத்திக்கினே இருந்தா கரி அடைச்சுக்கும், வண்டி இழுக்காதும்மா." அந்தப் புகை மூக்கில் ஏறியதும், எழுபதுகளின் கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோடும், இன்று கம்பெனிகள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த வயல்களும், அப்பா முறுக்க முறுக்க இரைச்சல் மட்டும் கூடி, சைக்கிள்காரர்கள்கூட முந்திப்போக ஊர்ந்த எங்கள் ஸ்கூட்டரும் வந்துவிடுகின்றன. முன்னால் நான், பின்சீட்டில், சாகக் கிடந்த தன் தம்பியைப் பார்க்கப் புறப்பட்ட அம்மா. "ஐயோ, டிரெயினு கூவுதுங்க!" என்று இறங்கி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. வீடு திரும்பியதும் அப்பா, "பாவம், இஞ்சின் காஞ்சு கெடக்குது" என்று பெட்ரோலில் வழக்கத்தைவிட இன்னொரு மூடி ஆயில் ஊற்றினார்.