மேலகரத்தில் நின்ற ஸ்கூட்டர்

சேக் தாவூது இந்தத் தடவை திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமல் ஊருக்கு வந்தவர். சவூதியில், தம்மாமில் ஒரு கார்கோ கடையில் பெட்டி கட்டிக் கட்டியே தலை நரைத்தவர். நம் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பும் போர்வை, பால்பவுடர், கோடாலித் தைலம் எல்லாவற்றையும் பாலித்தீனில் சுற்றி, டேப் ஒட்டி, கயிறு போட்டு அவர் இறுக்கினால், கப்பலே கவிழ்ந்தாலும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்பார்கள். அப்படிப்பட்ட கைக்குத் தென்காசியில் சொந்த வீட்டில் ஒரு வேலையும் இல்லை.

வேலை இல்லாமல் இல்லை, யாரும் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி ஜைனப் முன்னறையில் மிஷின் போட்டுக் கல்யாண ஜாக்கெட் தைக்கிறாள். துணி எடுத்து வருவது, தைத்ததைக் கொண்டு போய்க் கொடுப்பது, கேஸ் சிலிண்டருக்குச் சொல்வது, கரண்ட் பில் கட்டுவது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரை எல்லாம் அவளே. அவர் ஒரு பையைத் தூக்கினால்கூட, நீங்க இருங்க, நான் பாத்துக்கிடுதேன் என்று சிரித்த முகத்தோடு வாங்கிவிடுவாள். லீவில் வரும்போதெல்லாம் இப்படித்தான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிற மனுசனிடம் போய் யார் வேலை சொல்வார்கள்? அந்த உபசாரம் இப்போதும் நின்றபாடில்லை. மனுசனுக்கு மூச்சு முட்டியது.

வெளிநாடு போவதற்கு முன்னால் அவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கியர் ஸ்கூட்டர் ஒன்று வாசலில் நிற்கும். அவர் போன பிறகு அதை ஓட்டிப் பழகி, இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்ததும் ஜைனப்தான். சீட் கிழிந்துபோய்ச் சாரல் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்க் மூடியில் தேங்குவதை இந்த ஆனி மாதம் சேக் தாவூது பார்த்தார். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது அவருக்கு. தடித்த பாலித்தீனை இரண்டு மடிப்பாக மூடியின்மேல் போர்த்தினார். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி, முறுக்கி இறுக்கினார். ஜைனப் வந்து பார்த்து, நல்லா இருக்கு என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினார்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை வண்டியை எடுத்துப் பார்த்தார். இரண்டு முறையும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. யாருக்கும் சொல்லாமல் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் ஜைனப் ஒரே உதையில் கிளப்பி, செங்கோட்டை வரைக்கும் போய் வந்தாள். இந்த வண்டிகூட நம்மை இந்த வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தோன்றியது. சின்னப்பிள்ளைத்தனமான நினைப்புதான். வந்துவிட்டதே, என்ன செய்ய?

ஆடி கழிந்து முகூர்த்தங்கள் தொடங்கிய பிறகும் இந்த வருடம் சாரல் விடவில்லை. பின்வாசல் பாசியில் ஜைனப் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கி, ஊன்ற முடியவில்லை. அன்றைக்குக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் ஸ்வாதி என்ற பெண்ணுக்குச் சாயங்காலம் ரிசப்ஷன். அவள் போட வேண்டிய ஜாக்கெட் இங்கே தைத்து முடித்து மடித்து இருக்கிறது. பெண்ணின் அம்மா சுகந்தி மத்தியானத்திலிருந்து போன் மேல் போன். ஜைனப் போனில் ஆட்டோவுக்குச் சொல்லப் போனபோது, சேக் தாவூது ஜாக்கெட்டைப் பாலித்தீனில் சுற்றிப் பையில் வைத்து, தானே கொண்டு போவதாகச் சொன்னார்.

பஸ்ஸில் போங்களேன் என்றாள். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். பஸ்ஸில் போங்களேன் என்று மறுபடியும் சொன்னாள்.

“ஏன், என் வண்டிய நான் ஓட்ட மாட்டேனா?” என்றார்.

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இத்தனை பாடு இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவர் தெருவைத் தாண்டிவிட்டார்.

பாதி வழியில், மேலகரம் வந்ததும் வண்டி இருமியது. பின்னுக்கு இழுத்தது. நின்றுவிட்டது. சோக்கை இழுத்து உதைத்தார், சோக்கை விட்டு உதைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடைத் தகரத்தின் கீழ் நிறுத்தினார். கடைக்காரர் பேச்சிராஜ், வடையை எண்ணெயில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தவர், அடுப்பை அணைத்துவிட்டே வந்துவிட்டார். நின்றுபோன வண்டியைக் கண்டால் நம் ஊரில் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

பிளக்கைக் கழற்றினார்கள். நுனி காய்ந்து கிடந்தது. இன்ஜின்மேல் வைத்து உதைத்துப் பார்த்ததில் நீலமாகப் பொறி பறந்தது. அப்படியானால் கரண்ட் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ரிசர்வில் திருப்பினார்கள். வண்டியை ஆட்டியபோது டேங்கில் பெட்ரோல் தளதளவென்று சத்தம் போட்டது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி உதைத்தார் சேக் தாவூது. கிளம்பிவிட்டது. பேச்சிராஜ் கைதட்டாத குறை. நாலு கடை தாண்டுவதற்குள் மறுபடி இருமி நின்றது. திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார். டீ குடிக்க வந்த ஒருவர் கார்புரேட்டரில் தூசி என்றார். இன்னொருவர் எடைக்குப் போடச் சொன்னார்.

பேச்சிராஜ் சீட்டைத் தூக்கினார். பாலித்தீன் கட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

“யாரு பாய் இதக் கட்டுனது? கம்பெனிக் கட்டு மாதிரில்லா இருக்கு.”

நான்தான் என்றார் சேக் தாவூது. அந்த நிலைமையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இந்தச் சாரலில் இவ்வளவு நல்ல கட்டைப் பிரிக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. சீட்டை மூடிவிட்டார்கள்.

சுகந்தி மறுபடியும் போன் செய்ததாகச் சொல்லி, எங்கே வந்திருக்கிறார் என்று கேட்டு ஜைனப் செய்தி அனுப்பியிருந்தாள். குற்றாலம் போகும் ஆட்டோக்கள் ஆள் நிரம்பிக் கடந்துகொண்டிருந்தன. பையை ஆட்டோவில் கொடுத்துவிடலாம் என்றார் பேச்சிராஜ். கொடுத்துவிடலாம். அதன்பிறகு ஒரு பை தூக்கக்கூட இந்த வீட்டில் தன்னை யாரும் நம்ப வேண்டியதில்லை. சேக் தாவூது பையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆனால் அங்கே ஒரு கல்யாணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். போவது தன் மானமல்ல, ஜைனப் இத்தனை வருடம் கட்டிக் காத்த பேர். வெட்கத்தை விட்டுப் போனை எடுத்தார்.

“ஜைனப், வண்டி நின்னுட்டு.”

ஜைனப் மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க கட்டுன கவரக் கழட்டுங்க. மூடியில ஊசி ஓட்டை ஒண்ணு இருக்கு. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். நீங்க காத்தே போகாமக் கட்டிட்டிய.”

அவர் சீட்டைத் தூக்கி வளையத்தை இழுத்துக் கழற்றினார். மூடி உஸ்ஸென்று காற்றை இழுத்தது. உதைத்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை.

“அப்ப நீ ஓட்டும்போது மட்டும் எப்படி ஓடுச்சு?”

“தெனமும் காலைல கழட்டி வச்சிட்டுப் போவேன். வந்ததும் திரும்பக் கட்டிருவேன். நீங்க ஆசையாக் கட்டுனதுல்லா.”

மண்டபத்தில் ஜாக்கெட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்வாதிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சுகந்தி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினாள். அவர் நிற்கவில்லை. வழியெல்லாம் ஒரே நினைப்பு. சாரலில் நனைந்துகொண்டு தினமும் அந்த இறுக்கமான வளையத்தை அவள் விரலால் நெம்பியிருக்கிறாள். பிரியத்தில்தான் செய்தாள், அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் வலித்தது. தம்மாமில் ஒரு கட்டு சரியில்லை என்றால் மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கத்துவான். அந்தக் கத்தலுக்குக்கூட ஒரு மதிப்பு இருந்ததாக இப்போது பட்டது. கண் கலங்கியது. சாரலில் அது யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜைனப்புக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“விருந்தாளி தப்பு செஞ்சாத்தான் யாரும் சொல்ல மாட்டாவ. நான் விருந்தாளியா, ஜைனப்?”

ஜைனப் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்ணு சொல்லப்போய், மனசு நொந்து திரும்பப் போயிருவியளோன்னு பயமா இருந்துச்சு” என்றாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடமும் ஒவ்வொரு லீவிலும் அவர் பெட்டி கட்டிய நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவர் கேட்டதே இல்லை. இனி எங்கேயும் போகப் போவதில்லை, மனதில் இருப்பதைச் சொல் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். தண்ணி மோட்டாரை அணைக்காமல் தூங்கிவிடுகிறார். அளவு எழுதிய துண்டுத்துணிகளைக் குப்பை என்று பெருக்கிவிடுகிறார். டிவி சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. அவர் போடும் டீயை மனுசர் குடிக்க முடியாது, அவள் சாப்பிட்ட பாத்திரத்தில் ஊற்றி மறைத்திருக்கிறாள். போகப் போகக் குரல் உயர்ந்தது. சேக் தாவூது ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேற?” என்றார் கடைசியில்.

“வேற என்ன? நேரமாச்சு. அடுக்களைல போய் ரெண்டு தட்டு எடுத்துட்டு வாங்க. எனக்குக் காலு வலிக்கி.”

ஊருக்கு வந்த பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வேலை அது. சேக் தாவூது எழுந்து போனார். தட்டு எந்தப் பலகையில் இருக்கிறது என்று தெரியாமல், அங்கேயே நின்று சத்தம் போட்டுக் கேட்டார்.