அரைக் கட்டை கூடிப்போன இசைத்தட்டும் கார்டன் ரீச் எபனேசரும்

போன நவம்பரில் நான் கொல்கத்தா போனது காளி கோயிலுக்கும் இல்லை, ரசகுல்லாவுக்கும் இல்லை. ஒரே ஒரு கையெழுத்துக்கு. நானும் என் தோழி கௌரியும் சென்னையில் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபதிப்பு செய்கிறோம். இரண்டு பேருக்கும் வேறு வேலை இருக்கிறது, இது பைத்தியம்.

பாரிமுனைப் பழைய கடை ஒன்றில் கௌரிக்குக் கிடைத்தது ‘எரிகோ ஃபோர்’ என்ற குழுவின் ஒரே ஆல்பம். எண்பதுகளின் தொடக்கத்தில் கொல்கத்தாத் தமிழ்க் கிறிஸ்தவப் பையன்கள் நான்கு பேர் போட்டது. இயேசுவைப் பற்றிய எட்டுப் பாட்டு, எட்டும் ராக்கபில்லி. அதாவது, கிடார் குதிரை ஓட்டமாய் ஓட, பின்னால் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் தடதடக்கும் பழைய அமெரிக்க ஆட்ட இசை. அதற்கு மேல் ஒரு மெல்லிய, அவசரமான குரல். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அவசரத்துக்குத்தான் நான் மயங்கினேன்.

அட்டையின் பின்னால் கொல்கத்தா கார்டன் ரீச் பகுதியின் ஜெபவீட்டு விலாசம் இருந்தது. அதைப் பிடித்து விசாரித்ததில் பாடகர் எபனேசர் இருக்கிறார் என்று தெரிந்தது. கப்பல் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற மூவரும் உயிரோடு இல்லை. போனில் விஷயத்தைச் சொன்னேன். “அந்தத் தட்டத் திரும்ப விடுததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்மா. ஊரு சுத்திப் பாக்கணும்னா வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க” என்று வைத்துவிட்டார். அவர் சம்மதம் இல்லாமல் தட்டு வராது. நான் விடுவேனா?

சென்னையில் காலை 8.10க்கு ரயில் ஏறினேன். மூன்றடுக்கு ஏசி, 1,785 ரூபாய். மறுநாள் பகல் 12.30க்கு ஹவுராவுக்குச் சற்று முன்னாலுள்ள சாந்த்ராகாச்சியில் இறங்கும்போது எழுபது நிமிடம் தாமதம். அதில் பாதி நேரம் சாந்த்ராகாச்சி யார்டுக்கு வெளியே சிக்னலில் நின்றதுதான். அங்கிருந்து டாலிகஞ்சுக்கு வாடகைக் கார், 17 கிலோமீட்டர், 420 ரூபாய். மெட்ரோ பக்கத்து லாட்ஜில் ஒரு நாளைக்கு 1,600. வெந்நீர் வந்தது, துண்டு வரவில்லை.

டாலிகஞ்சில் தங்கியதற்குக் காரணம், ஆல்பம் பதிவானது அங்கே ஒரு சினிமா ஸ்டுடியோவில். இப்போது பாதி இடத்தில் சீரியல் எடுக்கிறார்கள், மீதி அடுக்குமாடி. வாசலில் பழைய லைட்மேன் ஒருவர் மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் ஓட்டை இந்தியில் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். “அந்தக் காலமா? தினமும் லோட்ஷெடிங், மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது, தீதி. மூச்சுத் திணறுகிற ஒரு ஜெனரேட்டரை வைத்தே எல்லாப் பதிவும் நடக்கும்” என்று சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்தேன். என் மண்டையில் எதுவும் ஏறவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. தாராத்தலா வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து கார்டன் ரீச்சுக்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 45 ரூபாய், ஐம்பது நிமிடம். எபனேசர் வீடு இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. பக்கத்துக் கித்திர்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் வங்காளம் கலக்கும்.

“எஷோ எஷோ, உள்ள வா. மெட்ராஸ்லேந்து அந்தத் தட்டுக்காகவா வந்தே? ஓ மா! இவரு வீட்டுல அதப் பத்திப் பேசவே விடமாட்டாரு.”

அவர்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், என்னுடையதும் அதுதான். அதனால் அவர் அண்ணாச்சி, இவர் மதினி என்றாகிவிட்டது. மீன்குழம்பு முடியும்வரை அண்ணாச்சி பேச்சை எடுக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்.

“அது என் குரலே இல்லம்மா. தட்டு வந்த அன்னைக்கு வாலிபர் கூட்டத்துல போட்டாவ. மொத்தச் சபையும் விழுந்து விழுந்து சிரிச்சுது. மூணாம் நாள்லேருந்து எனக்குப் பேரு ‘பால்வாடி எபனேசர்’. கப்பல் தளம் வரைக்கும் வந்துட்டு அந்தப் பேரு. அதுக்கப்புறம் நான் எங்கயும் பாடல. நாலே மாசத்துல குழுவும் போச்சு.”

தன் குரலைப் பதிவில் கேட்கும் எல்லோரும் சொல்வதுதானே, இவரும் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படியே சொல்லியும் தொலைத்தேன். மனிதருக்கு வந்ததே கோபம். “வாங்க காட்டுதேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜெபவீடு நாலு நிமிட நடை. மூலையில் ஒரு ஆர்மோனியம். ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில் வாசித்தது இதேதானாம். லேப்டாப்பில் அந்தப் பாட்டை ஓடவிட்டேன். அண்ணாச்சி முதல் கட்டையை, அந்த வெள்ளைக் கட்டையை அமுக்கினார். பல் கூசுகிற மாதிரி ஒட்டாமல் நின்றது. அடுத்த கறுப்புக் கட்டையை அமுக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“அப்போ ஒன்றரைக் கட்டையில பாடியிருக்கீங்க, அண்ணாச்சி. அவ்வளவுதானே?” என்றேன்.

“வாசிச்சது எங்க ஜான்சன். அவனுக்குக் கறுப்புக் கட்டையே வராது! எந்தப் பாட்டக் குடுத்தாலும் ஒரு கட்டையில, வெள்ளையிலயே வாசிச்சு முடிச்சிருவான். பாஸ்டர் திட்டாத நாள் கிடையாது. அவனாவது ஒன்றரையில வாசிக்கதாவது!”

அப்போதுதான் என் மரமண்டையில் விழுந்தது. லைட்மேன் சொன்ன ஜெனரேட்டர்! அது திணறித் திணறி ஓடினால் மின்சாரம் மந்தமாகும். ஸ்டுடியோ டேப்பின் மோட்டார் அந்த மின்சாரத்தின் தாளத்துக்குத்தான் சுழலும், அதுவும் மந்தமாகும். அந்த டேப்பைப் பிறகு சரியான மின்சாரத்தில் ஓட்டித் தட்டு போட்டிருப்பார்கள். எல்லாம் அரைக் கட்டை ஏறி, வேகமும் கூடிவிட்டது. பாட்டுக்குத்தான் துள்ளல். பாடியவருக்குப் பால்வாடிப் பட்டம்.

அங்கேயே லேப்டாப்பில் அரைக் கட்டை இறக்கினேன். இரண்டு நிமிடம் இருபது நொடிப் பாட்டு எட்டு நொடி நீண்டது. நான் மயங்கிய அவசரம் போய்விட்டது, எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் உள்ளிருந்து ஒரு ஆண்பிள்ளைக் குரல் வந்தது. கனமான, கொஞ்சம் கரகரத்த, இருபத்திரண்டு வயதுக் குரல். பின்னாலேயே வந்திருந்த மதினி “இது யாரு?” என்றார்.

“நாந்தான்” என்றார் அண்ணாச்சி. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் சரணம் வந்தது. நீளமான ஓர் இடத்தில் குரல் சுதியைவிட்டு நன்றாகவே இறங்கியது. வேகத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது அப்பட்டமாகத் தெரிந்தது. நான் அவசரமாக, “இதையும் கம்ப்யூட்டர்ல சரிபண்ணிரலாம் அண்ணாச்சி” என்றேன்.

“அதத் தொடாதீங்க.” கண்ணைத் துடைத்துவிட்டு லேசாகச் சிரித்தார். “அது நான் பண்ணின தப்பு. இத்தன வருசம் எவனோ ஜெனரேட்டர் தப்புக்கு என்னப் பாத்துச் சிரிச்சாவ. இனிச் சிரிச்சா என் தப்புக்குச் சிரிக்கட்டும்.”

கையெழுத்து அந்த ஆர்மோனியப் பெட்டி மேலேயே ஆயிற்று. கௌரிக்குப் போன் போட்டதும், “துள்ளல் போச்சேடி!” என்று அலறினாள். அலறட்டும். மறுபதிப்பு சரியான வேகத்தில்தான் வருகிறது. பழைய வேகம்தான் வேண்டுமென்பவர்கள் உங்கள் டர்ன்டேபிளில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வாசலோடு சரி. கப்பல் தளத்தின் பக்கம் கேமராவை எடுக்காதீர்கள். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வைத்திருங்கள், நூறு ரூபாய் நோட்டைக் கண்டால் முறைக்கிறார்கள். பழைய தட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: குரல் விசித்திரமாகத் தோன்றினால் பாடியவரைச் சந்தேகிக்கும் முன் பாட்டை ஓர் ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் செய்யவில்லை, அசடு வழிந்தேன்.

கார்டன் ரீச் ஜெபவீட்டில் ஞாயிறு தமிழ் ஆராதனை காலை 7.30க்கு. மறுநாள் நானும் போனேன். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் பக்கம், சபையையே திரும்பிப் பார்க்க வைத்த சத்தத்தில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். நீங்கள் போகும்போது இரண்டாம் சரணத்தில் சுதி இறங்கினால் தாராளமாகச் சிரிக்கலாம். அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.