நாற்பது இறாத்தல் வில்லும் ஒரேயொரு அம்பும்

"…ஆனபடியால் ஒரேயொரு அம்புதான். வட்டத்துக்குள்ள பட்டால் இந்த வருஷம் மான் வேட்டைக்குப் போறன். படாட்டிப் போகேல்ல. 'பாவம், இன்னொண்டு விடட்டும்' எண்டு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்றார் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கூட்டத்தைப் பார்த்து வாய் திறக்கக்கூடாது என்று சொல்லும் துணிச்சல் வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்குத்தான் உண்டு. அன்று விஜயதசமி. எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் பாதிக் கட்டடம் ஏறி நின்றது. ஒரு வீட்டார் அவித்த கடலை கொண்டு வந்திருந்தார்கள், ஒரு வீட்டார் பிளாஸ்கில் தேநீர். மூன்றாம் மாடி ஐயா கதிரையே கொண்டு வந்திருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். உலகத்தில் எந்த விஷயத்துக்கும் விதி என்னவென்று அவருக்குத் தெரியும்.

அத்தான் கனடாவில் இருப்பவர். அங்கே இலையுதிர் காலம் வந்தால் முறைப்படி அனுமதிப் பத்திரம் எடுத்து, கூட்டாளிகளோடு காட்டுக்குப் போய் வில்லால் மான் வேட்டையாடுவார். சக்கரம் பூட்டிய நவீன வில் அல்ல. குறி பார்க்கும் கண்ணாடி கிண்ணாடி ஒன்றும் கிடையாது. மரமும் நாணும் மட்டுந்தான். இதை முதலில் கேட்ட நாளில் எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஏன், அங்க கடையில இறைச்சி விக்கிறேல்லையோ?"

மானைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? திருகோணமலைக்குப் போனால் பஸ் நிலையத்தடியில் நிற்கும். கையில் இருக்கும் வாழைப்பழத்தைப் பார்க்கும். தொட்டால் இங்கே மறியல், சிறைதான்.

அத்தான் ஒரு காலத்தில் ஐம்பத்தைந்து இறாத்தல் வில் இழுத்தவர். இறாத்தல் என்பது நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க வேண்டிய பாரம். இலங்கைக்கு வரும்போதெல்லாம், கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தபடியே சொல்வார்: "அம்பதுக்குக் கீழ இழுக்கிறவன் மானுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டலாம். வேற ஒண்டும் செய்யேலாது." பிறகு அவருடைய வலது தோள்மூட்டில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு இலையுதிர் காலம் வீட்டில் இருந்து சன்னலால் இலை உதிர்வதைப் பார்த்தார். வைத்தியர் பாரம் குறைத்து இழுக்கலாம் என்று சொன்ன மறுவாரமே நாற்பது இறாத்தல் வில் ஒன்று வாங்கினார். வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அளவுக்கு ஒரு மயிரிழை மேலே. வாங்கிய அன்றே தத்துவமும் மாறிவிட்டது. "பாரத்தில என்ன கிடக்கு? மானுக்குக் கிட்டப் போறதிலதான் எல்லாம் கிடக்கு." வில்லைவிட நாக்கு நன்றாக வளையும் என்று அப்போதுதான் கண்டேன்.

இந்த முறை என் மகளின் கல்யாணத்துக்கு வந்தார்கள். திரும்பிப் போய் இறங்கும் வாரமே அங்கே வேட்டைக் காலம் தொடங்குகிறது. பயிற்சி விட்டுப் போகக்கூடாது என்று வில்லும் மூன்று துண்டாகக் கழன்று, சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் படுத்து வந்தது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த உத்தியோகத்தர் இது என்ன என்று கேட்டாராம். "விளையாட்டுச் சாமான்" என்று அத்தான் சிங்களத்தில் சொன்னாராம். அவர் வில்லைப் பார்த்தாராம், அத்தானின் வயிற்றைப் பார்த்தாராம், நம்பாமலே போகவிட்டாராம்.

"உங்கட வண்டி வயிறுதான் எங்களக் காப்பாத்தினது" என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

குறிப் பொதி செய்ததுதான் பெரிய கூத்து. உரப்பை ஒன்றுக்குள் பழந்துணியை இறுக்கி அடைத்தால் அம்பு உள்ளே போய் மெத்தென்று நிற்குமாம். கட்டடம் முழுக்கச் சொல்லி அனுப்பினேன். தானம் என்று கேட்டால் வராத துணியெல்லாம் வந்தது. அதற்குள் மூன்றாம் மாடி ஐயாவின் மனைவியின் நல்ல காஞ்சிபுரம் ஒன்றும் எப்படியோ வந்து, மூன்று நாள் அம்பு வாங்கிய பிறகுதான் அவ கண்டுபிடித்தா. சண்டை என்னோடு.

"எய்தவர் அங்க நிக்கிறார், பையைத் தைச்சவளோட ஏன் கொழுவுறியள்?" என்றேன். காஞ்சிபுரம் வெளியே வந்தது. தலைப்பில் நாலு ஓட்டை. இப்போது அவ அதைக் கட்டும்போது யாரும் கேட்காமலே கதை சொல்கிறா.

பொதியின் நெஞ்சில் என் இடியப்பத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கரியால் வட்டம் கீறினார் அத்தான். "மானின்ர உயிர் இவ்வளவு இடத்துக்குள்ளதான் இருக்கு. முன்னங்காலுக்குப் பின்னால, நெஞ்சுக்கூட்டில. இதுக்குள்ள பட்டால் மான் தூரம் ஓடாது. வெளியில பட்டால் ஓடும், எங்கயாவது போய்க் கிடந்து சாகும். இந்த வில்லுக்கு எலும்ப உடைச்சுக்கொண்டு போற வலு இல்ல. அம்பு பாரமா இருக்கோணும், அலகு சவர பிளேட் மாதிரி இருக்கோணும், மான் பக்கவாட்டில நிக்கோணும், நான் பதினைஞ்சு யார் தூரத்துக்குள்ள நிக்கோணும்."

"நாப்பது இறாத்தல் பாண் தூக்கி வாறதுக்கே பேக்கரியில வேன் வச்சிருக்கிறாங்கள்" என்றார் மூன்றாம் மாடி ஐயா. அது பாராட்டா, நக்கலா என்று அவருக்கே தெரிந்திராது. உடனே, "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்ப புல்லையே கொண்டு வந்திருக்கலாம், லக்கேஜ் மிச்சம்" என்றாள் அக்கா.

ஒவ்வொரு விடியலிலும் லிஃப்ட் அறைச் சுவரோடு பொதியைச் சாத்தி, காயப்போட்ட சீலைகளை ஒதுக்கிவிட்டு, அத்தான் மெல்ல இழுத்து மெல்ல விடுவார். தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். கேட்காவிட்டாலும் இல்லை என்பார். காவலாளி ஒருநாள் மேலே வந்து பார்த்துவிட்டு, "மாத்தயா, பொலிசியென் ஆவொத் மம மொனவாத கியன்னே?" என்றான். பொலிஸ் வந்தால் என்ன சொல்வது என்று கேட்கிறான்.

"தோளுக்கு எக்ஸசைஸ் எண்டு சொல்லு மல்லி" என்று அத்தான் அவனுக்குத் தம்பி முறை வைத்தார்.

"தோளுக்கில்ல, தலைக்கெண்டு சொல்லு" என்றாள் அக்கா.

காலையில் பத்து அம்பு விட்டால் முதல் அம்பு ஓரமாகப் போகும். மற்றவை ஒழுங்காகத் தட்டு வட்டத்துக்குள் இறங்கும். எங்களுக்கு அது பத்துக்கு ஒன்பது, பரீட்சை என்றால் சிறப்புச் சித்தி. அத்தானுக்கு அந்த ஒன்றுதான் கணக்கு. "காட்டில மான் வந்து நிண்டுகொண்டு, 'அண்ணை, நீங்கள் ஒன்பது அம்பு விட்டு உடம்பச் சூடாக்குங்கோ, நான் நிக்கிறன்' எண்டு சொல்லுமோ? குளிர்ந்த கையால விடுற முதல் அம்புதான் வேட்டை." அப்படித்தான் அந்த ஒரேயொரு அம்பு என்ற தீர்மானம் வந்தது. போகும் நாளுக்கு முன் ஒரு காலையில் ஒரே அம்பு, அதோடு முடிவு.

நாளைத் தேர்ந்தது அக்கா. தேர்ந்தது என்ன, சுற்றி வளைத்துப் பிடித்தது. நவராத்திரியின் கடைசிப் பகுதி வந்தது. எங்கள் வீடுகளில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம், பேனை, தொழில் செய்யும் சாமான் எல்லாம் சாமியறையில் வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. அக்கா என் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள், மகளின் லப்டொப்புக்குப் பூ வைத்தாள், பிறகு மூலையில் சாத்தியிருந்த வில்லையும் தூக்கி வந்து படத்தடியில் கிடத்தினாள். பிடிக்குச் சந்தனம், நுனிக்குக் குங்குமம், நாணுக்கு மல்லிகை. வீடு முழுக்க மரக்கறிச் சாப்பாடு. மான் கொல்லும் வில்லுக்கு முன்னால் அவலும் கடலையும் படையல். மரக்கறிப் படையல் மட்டும் வாங்கும் சரஸ்வதி என்ன நினைத்தாவோ.

அத்தான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது காரியம் முடிந்திருந்தது.

"இஞ்சப்பா, என்ன வேலை பாத்தனீ? எனக்குப் பயிற்சி கிடக்கு!"

"பூசையில வச்சாச்சு. தொடுங்கோ பாப்பம்."

தொடவில்லை. கனடாவில் இத்தனை வருடம் இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. கரடிக்குப் பயப்படாத மனிதர், சந்தனப் பொட்டுக்குப் பயந்து மூன்று நாள் சாமியறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பாலர் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைப் பூசையில் வைத்துவிட்டுக் குதிப்பார்கள். இவர் கையைப் பிசைந்தார். தோள் இறுகிவிடும், பிடி மறந்துவிடும் என்று புலம்பினார்.

"முதல் அம்பு குளிர்ந்த கையால விடோணும் எண்டு நீங்கள்தானே சொன்னியள்? இதவிடக் குளிர வைக்க ஏலாது" என்றேன். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதையும் குறைத்துக்கொண்டார்.

இப்படித்தான் விஜயதசமி காலையில், நல்ல நேரம் பார்த்து, பாதிக் கட்டடத்தின் முன்னிலையில் அத்தான் வில்லோடு நின்றார். ஏடு தொடக்கும் நாளில் அம்பு தொடக்குவது மிகவும் விசேஷம் என்று மூன்றாம் மாடி ஐயா விதி சொன்னார். அத்தான் நாணில் ஒட்டியிருந்த மல்லிகை நாரை எடுத்து எறிந்தார். பிடியில் காய்ந்திருந்த சந்தனத்தை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். அம்பைப் பூட்டினார். இழுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரையோர ரயில் கூவிக்கொண்டு போனது. அத்தான் விடவில்லை. மெதுவாக நாணைத் திரும்பத் தளர்த்தினார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு.

"விட்டிருக்கலாமே!" என்றார் மூன்றாம் மாடி ஐயா.

"விடாமல் வைக்கிறதும் வேட்டைதான்" என்றார் அத்தான். அவருடைய மேலுதடு வேர்த்திருந்தது. தோள் நடுங்கியதை அக்கா பார்த்தாள், நானும் பார்த்தேன். அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த அக்கா, கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி அவருக்கு இடம் எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் தரம் இழுத்தார். பிடித்தார். விட்டார். பொதி 'தொப்' என்றது.

எல்லாரும் ஓடினோம். அம்பு கரிக்கோட்டின்மேல் நின்றது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கோட்டின் கரியிலேயே குத்தி நின்றது.

"கோட்டில பட்டால் உள்ளுக்குத்தான். டென்னிஸில அதுதான் விதி" என்றார் மூன்றாம் மாடி ஐயா.

"கிரிக்கெட்டில கோட்டுக்குமேல கால் நிண்டால் அவுட் எல்லோ?" என்றது ஒரு குரல்.

"இடியப்பத் தட்டு சின்னன். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிய வச்சுக் கீறியிருக்கோணும்" என்றா காஞ்சிபுரக்காரி. ஓட்டை விழுந்த சீலையையும் மன்னித்துவிட்டா.

ஆனால் எல்லாருக்கும் மேலாகக் கத்தினது அக்காதான். இவ்வளவு நாளும் வில்லை விறகு என்று சொன்னவள், முழங்காலில் இருந்து அம்படியில் விரலை வைத்து அளந்து, "உள்ளுக்குத்தான்! நல்லாப் பாருங்கோ, உள்ளுக்குத்தான்! எல்லாரும் ஏன் உப்பிடி முழிக்கிறியள்? உள்ளுக்குத்தானப்பா!" என்று எல்லாரோடும் சண்டை பிடித்தாள். இரண்டு இலையுதிர் காலமும் அந்த மனிதர் சன்னலடியில் இருந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அத்தான் கிட்ட வந்தார். குனிந்து அம்பைப் பார்த்தார். அக்காவின் விரலையும் பார்த்தார்.

"எங்களுக்கு இது உள்ளுக்கு" என்றார் மெல்ல. "மானுக்கு இது வயிறு."

மூன்றாம் மாடி ஐயா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டார்.

அத்தான் பையில் இருந்து கைபேசியை எடுத்தார். கனடாவில் அப்போது முதல்நாள் இரவு. ஒவ்வொரு வருடமும் அவரோடு காட்டுக்குப் போகும் கூட்டாளியை எழுப்பினார். "மச்சான், இந்த முறை என்ர வில்லு வராது. நான் வருவன், சமைக்கிறன், இறைச்சி சுமக்கிறன். மற்றத அடுத்த வருஷம் தோளிட்டக் கேப்பம்" என்றார். கைபேசியை வைத்துவிட்டு, அக்காவைக் கையில் பிடித்து எழுப்பி, நாணைக் கழற்றினார். பிறகு, யாரும் தொடாமல் ஆறிக்கிடந்த கடலைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் குந்தித் தின்னத் தொடங்கினார்.